பெட்டியைத் திறக்குமுன் அரை மணி நேரம்

குளிரான தேயிலைத் தோட்டத்துக்குப் போனால், பார்வை பரிசோதிக்கும் கண்ணாடி வில்லைப் பெட்டியைப் போன கையோடு திறக்கக் கூடாது. இரவில் அதை வேனுக்குள் விட்டுவிட்டு நாம் மட்டும் போர்த்திக்கொண்டு தூங்கவும் கூடாது. நான் அதைப் பொலித்தீன் உறையில் சுற்றிக் கட்டி, படுக்கும் அறைக்குள்ளேயே வைத்துக்கொள்வேன். விடிந்ததும் கண் முகாம் நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், உறையைக்கூடப் பிரிக்காமல் மேசையில் அரை மணி நேரம் விட்டுவிடுவேன். கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் கைக்கருவிக்கும் இதே மரியாதைதான். வெளியே சனம் வரிசையில் நிற்கும். எங்களோடு வரும் தாதிக்கு இது பெரிய பகிடி. "என்ன சேர், பெட்டி இன்னும் முழிக்கலையா?" என்று கேட்பாள். நான் சிரிப்பதில்லை. அந்த அரை மணி நேரம் எனக்கு எப்படி வந்தது என்று அவளுக்கு நான் சொன்னதும் இல்லை.

நான் யாழ்ப்பாணத்தான். பதுளையில் ஒரு கண் சிகிச்சை நிலையத்தில் பார்வை பரிசோதிப்பது என் தொழில். மாதத்தில் இரண்டு மூன்று தடவை தோட்டங்களுக்குப் போய் முகாம் நடத்துவோம். எனக்கு முன்கோபம் உண்டு. அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்திருந்தேன். பரிசோதனைக் கதிரையில் இருப்பவர் நான் கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்ல வேண்டும், கதை அளக்கக் கூடாது என்பது அந்த ஒழுங்கில் ஒன்று.

அந்தத் தோட்டம் வெலிமடைக்கு மேலே. ஒரு மார்கழியில் முதல் நாள் பின்னேரமே போய்ச் சேர்ந்து, உத்தியோகத்தர் விடுதியில் தங்கினோம். பெட்டியும் கைக்கருவியும் வேனிலேயே கிடந்தன. மறுநாள் காலை பிள்ளைக் காம்பராவில் முகாம். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அன்று குழந்தைகளை ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தார்கள். அடுப்பில் பால்மாவுக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கம்பளி போர்த்திய சனம் சுவரோரம் நெருக்கியடித்து நின்றது. வெளியே பல் கிட்டும் குளிர், உள்ளே புழுக்கம். பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் உடனே திறந்தேன்.

முதலாவது ஆள் தோட்டத்து லொறிச் சாரதி. ஐம்பதை நெருங்கும் வயது, காதை மூடிய கம்பளித் தொப்பி. கொழுந்து ஏற்ற நேரத்துக்குப் போக வேண்டும் என்பதால் அவரை முன்னால் விட்டிருந்தார்கள். எழுத்துப் பலகையில் மேல் வரிகளை வாசித்தார், கடைசி இரண்டு வரிகளில் தடுமாறினார். வெற்றுக் கண்ணாடிச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி ஒரு வில்லையைப் போட்டேன்.

"இப்ப தெரியுதோ?"

"புகையா இருக்குங்க ஐயா."

வேறொன்று போட்டேன். அதிலும் புகை. மூன்றாவதிலும் புகை. கண்ணில் வெண்புரை விழுந்தவர்கள் எல்லாரும் சொல்வது இந்தச் சொல்லைத்தான். என் மனம் அப்போதே தீர்ப்பை எழுதத் தொடங்கிவிட்டது. கைக்கருவியை எடுத்து அவர் கண்ணுக்குள் பார்த்தேன். பளிச்சென்று தெரிய வேண்டிய ஒளி மங்கலாகத் தெரிந்தது. எல்லாம் ஒத்துப்போயிற்று.

அப்போதுதான் அவர் சொன்னார்: "ஐயா, கண்ணாடிலதாங்க பனி புடிச்சிருக்கு. லொறியில காலைல இப்படித்தான் புடிக்கும். கொஞ்சம் சூடாக விட்டா தெளிஞ்சிரும்."

"நான் கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். சுவரோரம் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த வில்லையை ஒரு தரம் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்திருந்தால் போதும். ஒவ்வொரு வில்லையும் வேனின் குளிரைச் சுமந்துகொண்டு பெட்டியிலிருந்து வந்தது, அந்த அறையின் ஆவி அதில் படிந்தது. அன்று என் மூக்குக்கண்ணாடியை நானே மூன்று தடவை துடைத்தேன், தேத்தண்ணீர் ஆவி என்று நினைத்துக்கொண்டு. இருபது வருடமாக அதிகாலையில் மலைப் பாதையில் லொறி ஓட்டும் ஒரு மனிதர் கண்ணாடியில் படியும் பனியைப் பற்றிச் சொன்னதைக் கேட்க எனக்குக் காது இருக்கவில்லை.

"வெண்புரை என்று சந்தேகம், பதுளைக்கு வரவும்" என்று எழுதினேன். சாரதி என்பதால், கடமையுணர்ச்சி மேலிட்டு, இன்னொரு வரியும் சேர்த்தேன்: "வாகனம் ஓட்டுவது உகந்ததல்ல." வழக்கப்படி அந்தத் தாளின் பிரதி தோட்டக் காரியாலயத்துக்குப் போயிற்று. பதினொரு மணியளவில் யாருக்கும் புகை தெரியவில்லை. வெயில் வந்ததும் எல்லாம் சீராக நடக்கிறது என்று மட்டும் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அவர் பதுளைக்கு வந்தார். எங்கள் வைத்திய நிபுணர் இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். வெண்புரை ஒன்றும் இல்லை, தூரப் பார்வைக்குச் சின்னதாக ஒரு கண்ணாடி போட்டால் போதும், இதை யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன். என் கையெழுத்து மேசையில் கிடந்தது.

வெளியே நோயாளர் காத்திருக்கும் வாங்கில் அவர் பக்கத்தில் போய் இருந்தேன். "கண்ணுக்கு ஒண்டும் இல்லை" என்றேன்.

"தெரியுங்க" என்றார். பிறகு, "லொறிய எடுத்துட்டாங்க ஐயா. இப்ப புல்லு வெட்டுறேன். வேற ஒருத்தரத் தற்காலிகமா போட்டிருக்காங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

காரியாலயத்துக்குக் கடிதம் தருகிறேன், நானே கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாரமே போனேன். கடிதத்தை அழகாகத் தட்டச்சு செய்திருந்தேன்: "அன்றைய கடும் குளிர் காரணமாகக் கருவிகளில் ஈரம் படிந்தமையால் பரிசோதனை முடிவில் வழு ஏற்பட்டது." இந்த வசனத்தில் நான் எங்கும் இல்லை. குளிர் செய்தது, ஈரம் செய்தது.

காரியாலயத்தில் எனக்குக் கதிரை போட்டார்கள். சாரதி அரைக்கதவுக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். பெரிய கிளாக்கர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"குளிர்னால பிழையாயிருச்சுன்னு சொல்றீங்க. இங்க எப்பவும் குளிர்தானே சேர்? அப்ப இதுல எத நம்புறது? நாளைக்கு லொறி பள்ளத்துல விழுந்தா தொரை என்னத்தான் கேப்பாரு."

அவர் கேட்டது நியாயம். அரைக்கதவுக்கு வெளியிலிருந்துதான் மறுமொழி வந்தது.

"ஐயா, நான் அன்னைக்கே கண்ணாடில பனின்னு சொன்னேனுங்களே. அதையும் ஒரு வரி எழுதிக் குடுங்க. கண்ணு தெரியாதவன் அதச் சொல்லுவானான்னு தொரைக்கு வெளங்கும்."

பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. அந்த ஒரு வரியை எழுதினால் குளிர் செய்த பிழை நான் செய்த பிழையாகிவிடும். ஒரு சாரதி சொல்லித் தந்ததை இந்தப் படித்த மனிதர் கேட்கவில்லை என்று அது கோப்பில் கிடக்கும், எங்கள் நிலையத்துக்கும் போகும். கிளாக்கர் என்னைப் பார்த்தார்.

"அதெல்லாம் இப்பிடிக் கடிதத்தில எழுதுறேல்லை" என்றேன்.

சாரதி தலையசைத்தார். நான் நான்கு மணி பஸ்ஸைப் பிடித்துப் பதுளைக்கு வந்துவிட்டேன். வழியெல்லாம் குளிர்காலத்தில் கருவிகளைப் பாதுகாப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அறைக்குள் வைப்பது, உறையில் சுற்றுவது, அரை மணி நேரம் விடுவது, எல்லாம் அந்தப் பஸ்ஸில் தீர்மானித்தவைதான். வெட்கத்தைத் தொடாமல் யோசிக்கக்கூடியது அது ஒன்றுதான்.

அடுத்த மார்கழியில் அதே பிள்ளைக் காம்பராவில் மறுபடி முகாம். பெட்டி உறைக்குள் மேசையில் இருந்தது. முதலாவதாக அவர்தான் நின்றார், அரை மணி நேரமும் அசையாமல். மூக்கில் எங்கள் கண்ணாடி, காலில் புல் ஒட்டிய சேறு. கதிரையில் அமர்ந்து கடைசி வரி வரை தடங்கல் இல்லாமல் வாசித்தார். நான் ஒரு வில்லையை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டத்தில் போட்டேன். ஏதாவது கதைக்க வேண்டும் போல இருந்தது.

"கண்ணாடியில பனி ஏதும் இருக்கோ?"

"நீங்களே பாத்துச் சொல்லுங்க ஐயா. நான் சொல்லி நீங்க எங்க எழுதப் போறீங்க" என்றார், மெதுவாக.

தாதி நிமிர்ந்து பார்த்தாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு, எங்கள் நிலையத்தின் தாள் ஒன்றை எடுத்து எழுதினேன்: "கண்ணாடியில் பனி படிந்திருப்பதாக இவர் அன்று காலையிலேயே என்னிடம் சொன்னார். நான் கேட்கவில்லை. பிழை என்னுடையது." பெயர் எழுதி ஒப்பமிட்டேன். மூன்று வசனத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் தாளைத் தூரப் பிடித்து வாசித்தார். திரும்ப ஒரு தடவை வாசித்தார். வெளியே லொறி மேட்டில் ஏறும் சத்தம் கேட்டது. தற்காலிகமாகப் போட்டவரை மாசியிலேயே நிரந்தரமாக்கியிருந்தார்கள்.

"இத இப்ப யார்கிட்டங்க ஐயா குடுக்கிறது?" என்று கேட்டார்.

அவர் தாளை நான்காக மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு புல்லு வெட்டப் போனார்.