சவுக்குக் காட்டில் ஒரு வட்டம்: பாதி வெள்ளை, பாதி காவி

மகாபலிபுரம் என்றால் கடற்கரைக் கோயில், பொரித்த மீன், வீடு திரும்புதல் என்று முடித்துக்கொள்பவர்களுக்கு இந்தப் பதிவு பயன்படாது. போன சனிக்கிழமை நான் போனது அதற்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சவுக்குக் காட்டுக்கு. எஸ்தர் என்ற ஓவியர் அங்கே மரங்களின் மேலேயே ஒரு பெரிய வட்டம் வரைந்திருந்தார். ஒவ்வொரு மரத்திலும் ஒரு துண்டுச் சுண்ணாம்புக் கோடு. ஒரே ஓர் இடத்தில் நின்று பார்த்தால் மட்டும் எல்லாம் சேர்ந்து வட்டமாகும். கணக்கு புரிந்தது. நேரில் சரியாக வருமா என்பதுதான் சந்தேகம்.

காலை ஆறரைக்குச் சிங்கப்பெருமாள் கோயிலில் பைக்கை எடுத்தேன். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. வழியில் இட்லி, வடை அறுபது ரூபாய். சாம்பாரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

போனால் வட்டம் இல்லை. வலது பாதி இருந்த இடத்தில் அடிக்கட்டைகள். மரம் வெட்டும் மேஸ்திரியோடு எஸ்தர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“ஓனரு சுண்ணாம்பு வச்ச மரத்த வெட்டுன்னாரு, வெட்டிகினு கீறோம். இதுல இன்னா தப்பு?”

“அவரு வச்சது அந்த ஓரத்துல அண்ணாத்த! இது என் படம்.”

“படம்னா செவுத்துல வரையணும்மா.”

மேஸ்திரி சொல்வதில் பிழையில்லை என்று நானும் சொன்னேன். வெட்டுகிற மரத்துக்கு என்ன குறி என்று முதலில் விசாரித்திருக்க வேண்டாமா? எஸ்தர் முறைத்தார்.

“நாளைக்குப் படாளத்துலேர்ந்து எங்கப்பா வர்றாரு. என் வேலை ஒண்ணுகூட அவரு பாத்ததில்ல. கண்காட்சிக்குக் கூப்ட்டா, நம்மள உள்ள வுடுவாங்களான்னு கேப்பாரு. காடுன்னதும்தான் சரின்னாரு. அவருக்கு நான் இன்னாத்த காட்டறது, இந்தக் கட்டையையா?”

பார்க்கும் இடத்தில் நட்டிருந்த கழியருகே போய் நின்றேன். வெட்டிய இடைவெளியில் பின்வரிசை மரங்கள் தெரிந்தன. கோடு முன்மரத்தில் இருந்தாலும் பின்மரத்தில் இருந்தாலும் கண்ணுக்கு ஒன்றுதான்.

“பின்னாடி மரத்துல போடுங்க. நான் இங்கேர்ந்து பாத்துச் சொல்றேன்.”

“போடு, போடு. எம் பசங்க மதியம் அதையும் சாய்ச்சுடுவானுங்க” என்று மேஸ்திரி சிரித்தார். ஆனால் ஆளனுப்பிக் காவி வாங்கிவரச் செய்ததும் அவர்தான். “செவப்புன்னா எவனும் கை வெக்க மாட்டான்.”

அவர் ஏணியைப் பிடிக்க, நான் மேலே, கீழே என்று கத்த, எஸ்தர் வரைந்தார். எனக்குச் சேர்ந்த கோடு, எஸ்தர் வந்து நின்றபோது சேரவில்லை.

“முழங்கால மடக்குங்க சார். இது என் உயரத்துக்குப் போட்டது.”

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஈரச்சாக்கால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினோம். இரண்டு மணிக்கு வட்டம் மூடியது.

மேஸ்திரியும் வந்து பார்த்தார். “கோயில் செவுரு மாரி கீது” என்றார்.

போகிறவர்களுக்கு: கட்டணம் இல்லை, கடையும் இல்லை, தண்ணீர் எடுத்துப் போங்கள். காடு முழுவதையும் எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள், தள்ளிப்போடாதீர்கள். கழியருகே நிற்கும்போது, உயரமானவர்கள் முழங்காலை மடக்க வேண்டும்.

ஞாயிறு மாலை எஸ்தர் ஒரு வரி அனுப்பியிருந்தார்: “அப்பா மடக்கல. அவரும் என் உயரந்தான்.”