ஓரத்தில் வளைந்த மினாரா

போன வெள்ளிக்கிழமை அந்தப் பைனாகுலரை மறுபடியும் கையில் எடுத்தேன். கறுத்த தோலுறை, அறுந்து முடிச்சுப் போட்ட வார். எங்கள் பள்ளிவாசலின் தலைவராக இருந்தவருடையது. அவர் மௌத்தாகிவிட்டார். அவருடைய மகன் புதிதாக ஒன்று வாங்கி, இரண்டையும் என் மேசையில் வைத்து, எது நல்லது என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். நான் நில அளவையாளன். வில்லைகளோடு காலம் தள்ளியவன். பழையதைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் மனைவியின் தம்பி மேசன். கல்முனையில் எங்கள் பள்ளிவாசல் மினாராவைக் கட்டியவன் அவன்தான். தூக்குக்குண்டு விட்டுப் பார்க்காமல் ஒரு கல் வைக்கமாட்டான். கடைசித் தட்டு மட்டும் மிச்சமிருந்தபோது, தலைவர் தன் வீட்டு மாடியிலிருந்து பைனாகுலரில் பார்த்துவிட்டு, மினாரா வளைந்திருக்கிறது என்றார். பக்கத்துக் குவிமாடமான குப்பாவும் சேர்ந்து தெரியவேண்டும் என்று மினாராவை ஓரத்தில் வைத்தே பார்ப்பது அவர் பழக்கம். மச்சான் உச்சியிலிருந்து குண்டைத் தொங்கவிட்டுக் காட்டினான். "கண்ணால கண்டதுக்கு மறுகா குண்டு என்னத்துக்கு?" என்றார் தலைவர்.

வழக்கு என்னிடம் வந்தது. பாலமுனைப் படகுக்காரர் ஒருவரிடம் இன்னொரு பைனாகுலரை இரவல் வாங்கினேன். அசர் தொழுகைக்குப் பிறகு, தலைவரின் மாடியில் ஜமாஅத்தார் சூழ்ந்து நிற்க, இரண்டிலும் மாறி மாறிப் பார்த்தேன். மினாராவை நடுவில் வைத்தால் இரண்டிலும் நேர். மெல்ல ஓரத்துக்குக் கொண்டுபோனால், படகுக்காரருடையதில் அப்படியே நின்றது. தலைவருடையதில் இடுப்பு உள்வாங்கி வளைந்தது. பக்கத்து மின்கம்பமும் அதே ஓரத்தில் அதே மாதிரி வளைந்தது. குற்றம் கண்ணாடியில். இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் தலைவர், "வளைவாத் தெரியுதா இல்லியா? அதச் சொல்லுங்க முதல்ல" என்றார். "ஓம், ஓரத்துல வெச்சா..." என்று தொடங்கினேன். அந்த 'ஓம்' அவர்களுக்குப் போதுமாக இருந்தது. மீதியைக் கேட்க ஒரு காதும் இல்லை. நானும் குரலை உயர்த்தவில்லை; தலைவரோடு முகம் முறிக்க எனக்குப் பயம். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

கடைசித் தட்டை வேறொருவர் கட்டினார். ஊரில் அதற்குக் 'கோணல் மினாரா' என்று பெயர் நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு மச்சானை மதில் கட்டக்கூட யாரும் கூப்பிடவில்லை. இப்போது சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் காவலிருக்கிறான். "நீங்க பொய் சொல்லல்ல மச்சான், பாதியில விட்டுட்டீங்க" என்று ஒரேயொரு தடவை சொன்னான்.

தலைவரின் மகனை என் வீட்டு மாடிக்குக் கூட்டிப்போனேன். பழையதில், தகப்பனைப் போலவே மினாராவை ஓரத்தில் வைத்துப் பார்த்தவர், "ஆ, கோணல் மினாரா!" என்று சிரித்தார். அவர் கையைப் பிடித்து மினாராவை நடுவுக்குக் கொண்டுவந்தேன். சிரிப்பு நின்றது. புதியதை எடுத்து நடுவிலும் ஓரத்திலும் வைத்துப் பார்த்தார். "நேராத்தானே நிக்கிது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இத நீங்க வாப்பாட்ட அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டார்.

சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது "ஓம்" மட்டும்தான்.