மூன்று தோணிகளும் ஒரு திரையும்

போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து, பகல் சாப்பாடும் முடிந்து… நான் மகாவலி கங்கையில் வாந்தி எடுத்தேன்.

இதெல்லாம் பத்திரிகையில் எழுதுகிற விஷயமா என்று முகம் சுளிக்காதீர்கள். வாராவாரம் என் கதையைச் சகித்துக்கொள்கிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? அதுவும் நான் என்ன சாதாரண ஆளா? கப்பலேறி மக்கா போய் வந்த ஹாஜியார்! நடுக்கடலில் பாதிப் பேர் சுருண்டு கிடந்தபோது மேல்தட்டில் நின்று பேரீச்சம்பழம் சாப்பிட்டவன். இந்தப் பெருமையை நான் அளக்காத ஆள் அக்குறணையில் ஒருவரும் இல்லை.

என் மனைவி ஸுபைதாவுக்கு ஒரு ராத்தா இருக்கிறார், மூத்த சகோதரி. கட்டுகஸ்தோட்டைத் துறையிலிருந்து கங்கை வழியே ஒரு மணி நேரம் போனால் அவர் வீடு. வண்டிப் பாதை கிடையாது. வெள்ளிக்கிழமை துணிக்கடையைப் பூட்டியதும், மகள் மைமூனையும் சின்னவனையும் கூட்டிக்கொண்டு தோணியில் போய், ராத்தா வீட்டில் தேத்தண்ணி குடித்து, பொழுது சாயுமுன் திரும்புவோம். எங்கள் குடும்பத்துக்கு அதுதான் உல்லாசப் பயணம்.

உல்லாசம் எனக்கும் பிள்ளைகளுக்கும்தான். ஸுபைதாவுக்குத் தோணி நகர்ந்தாலே தலை சுற்றும். அப்புறம் சட்டி நிறைய வாந்தி. ராத்தா வீட்டில் பாதி நேரம் பாயில் கிடப்பாள். திரும்பும்போது மறுபடியும் அதே பாடு. முகர்ந்து பார்க்கப் புளிப்புத் தேசிக்காய், மெல்ல இஞ்சி, குடிக்க டிஸ்பென்சரி மிக்ஸர்… எதுவும் கேட்கவில்லை. "அவளுக்குத் தண்ணி ஆகாது" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. கோளாறு தோணியில் இருக்கிறது! நல்ல தோணியாகப் பார்த்து எடுத்தால் என்ன?

முதல் தோணி ஒடுங்கல். இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் ஆடியது. வேண்டாம் என்றேன். இரண்டாவது அகலம்தான், ஆனால் பலகைக்குப் பூசிய மீன் எண்ணெய் நாற்றம் மூக்கைத் துளைத்தது. அதுவும் வேண்டாம். மூன்றாவதுதான் மனதுக்குப் பிடித்தது. இரண்டு தோணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டி, மேலே பலகை அடித்தது. தோணிக்காரர் பண்டா அதன்மேல் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை வைத்து ஓட்டிக் காட்டினார். ஒரு துளி சிந்தவில்லை. நான் முன்னால் உட்கார்ந்து, முகத்தில் காற்று வாங்கிக்கொண்டு, தண்ணீரில் கைவிட்டு அளைந்தபடி, "இதுதான் தோணி!" என்று தீர்ப்புச் சொன்னேன்.

பிறகு தென்னங்கிடுகுக் கூரை போட்டேன். திரையும் கட்டினேன். எங்கள் வீட்டுப் பெண்கள் போனால் வண்டிக்கும் திரை, தோணிக்கும் திரை, அது வழக்கம். துறையில்கூட வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளி, இரண்டு பக்கமும் துணி பிடித்துத்தான் தோணியில் ஏற்றுவோம். நான் துணி வியாபாரி அல்லவா? கடையில் இருந்ததிலேயே கனத்த துணியை எடுத்து, இரண்டு மடிப்பாகத் தைத்துத் தொங்கவிட்டேன். மனைவிக்குச் செய்யும்போது கஞ்சத்தனம் காட்டலாமா?

அந்தத் தோணியில் முதல் பயணத்தில் ஸுபைதா எடுத்த வாந்தியைப்போல் அதற்குமுன் எந்தத் தோணியிலும் எடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "இனி நான் வரல்ல. நீங்க பிள்ளையளக் கூட்டிட்டுப் போய் வாங்க. ராத்தாக்கு என்ட ஸலாத்தச் செல்லுங்க."

ராத்தாவுக்குக் கால் வீக்கம். எழுந்து நடக்கவே சிரமப்படுகிறார், அவர் எங்கே இங்கே வருவது? இவளும் போகாவிட்டால் ராத்தாவும் தங்கையும் முகம் பார்க்கிறது எப்படி? எனக்கு நெஞ்சு கனத்தது. கனத்து என்ன பயன்? வாய் பழைய பாட்டையே பாடியது.

"கவலப்படாத. நாலாவது ஒரு தோணி பாப்பம்."

கல்யாணமான பதினொரு வருஷத்தில் அவள் என்மேல் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான்.

"தோணி பாக்கக்குள்ள எல்லாம் நீங்க எங்க இருந்த?"

"முன்னுக்கு."

"நான் எங்க இரிக்கிற?"

"உள்ளுக்கு…"

"அப்ப ஒரு தடவ உள்ளுக்கு இருந்து பாருங்களே, மைமூன்ட வாப்பா!"

அவள் வாயை அடைக்கத்தான் போன வெள்ளிக்கிழமை போனேன். நானும் பண்டாவும் மட்டும். கூரைக்கு அடியில் உட்கார்ந்து, திரையை நாலு பக்கமும் இழுத்து விட்டேன். இருட்டு. புழுக்கம். கண்ணுக்குமுன் துணி அசையாமல் நிற்கிறது, ஆனால் அடியில் பலகை ஏறுகிறது, இறங்குகிறது. போகிறோமா, நிற்கிறோமா? தெரியவில்லை. கால் மணி நேரம்கூட ஆகியிராது… திரையைக் கிழிக்காத குறையாகத் தள்ளித் தலையை வெளியே நீட்டினேன். மீதியைத்தான் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேனே.

"கப்பல்ல ஒண்ணும் ஆகல்ல எண்டுதானே செல்றது, ஹாஜியார்?" என்று பண்டா தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். கரையில் நின்ற மூங்கில் புதரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றுவது நின்றுவிட்டது. கப்பலில் என்னைக் காப்பாற்றியது என் வீரமா, மேல்தட்டா? அப்போதுதான் யோசித்தேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. கடையைப் பாதியில் பூட்டினேன். தோணியிலிருந்து அவிழ்த்து வந்திருந்த திரையை வீட்டிலேயே போட்டேன்.

"ஊர் என்ன செல்லும்?" என்றாள் ஸுபைதா.

"ஊரா வாந்தி எடுக்கிற?" என்றேன்.

முக்காட்டை இறுக்கிக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, தோணியில் முன்னால் என் இடத்தில் உட்கார்ந்தாள். முதலில் குனிந்தே இருந்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்தாள். நான் தேசிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேசிக்காய் தேவைப்படவில்லை. ராத்தா வீட்டுக்குக் கிட்டே வரும்போதுதான் திரும்பி என்னைக் கேட்டாள்:

"இவ்வளவு அகலமா இந்தக் கங்கை?"

பதினொரு வருஷமாக அவளுக்குத் தண்ணீர் ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அந்தத் தண்ணீரைப் பார்த்ததே போன சனிக்கிழமைதான்.