அப்பாவின் நடையில் பதினொரு திருத்தங்கள்

அப்பாவின் இடது கையை நான் பதினொரு முறை திருத்தி வரைந்தேன். பதினொரு முறையும் தப்பு என்னுடையது என்றே நினைத்தேன். இதை எழுத உட்காரும்போதுகூடக் கோபம் வருகிறது. யார்மேல் என்று கேட்டால் என்மேல்தான், வேறு யார்மேல்?

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மலேசியாவின் ஜொகூரில், கெலாங் பாத்தாவில் ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீட்டில், நாங்கள் மூன்று பேர். அப்பா சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவர். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எல்லையிலுள்ள செகண்ட் லிங்க் பாலத்தைத் தாண்டிப் போவார், சாயங்காலம் ஆயிரம் மோட்டார்களுக்கு நடுவில் அதே பாலத்தில் திரும்பி வருவார். அம்மா ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை பார்த்தார். நான் பகலெல்லாம் ஒரு ஃபோன் கடையில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து அனிமேஷன் பழகினேன்.

பழகினேன் என்று கௌரவமாகச் சொல்கிறேன். டிப்ளோமா முடித்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மூன்று ஸ்டூடியோக்கள் வேண்டாம் என்றுவிட்டன, நான்காவது பதிலே போடவில்லை. நான் வரைந்த ஆட்கள் நடக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனார்கள். என்னோடு படித்தவர்கள் போடும் வீடியோக்களைப் பார்ப்பேன், ஃபோனைக் கவிழ்த்து வைப்பேன், ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் எடுத்துப் பார்ப்பேன். எனக்குக் கண்ணே இல்லை, கை மட்டும்தான் இருக்கிறது என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். யாராவது என் படத்தில் ஒரு குறை சொன்னால் அதைக் கேட்டு முடிப்பதற்குள்ளேயே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன்.

அந்த நிலைமையில்தான் இஸ்கண்டார் புத்ரி பக்கம் ஒரு ஸ்டூடியோ ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். சோதனை ஒன்றே ஒன்று. நிஜமான ஒரு மனிதரைப் பார்த்து அவர் நடையை வரைய வேண்டும். ஒரு நொடி நடைக்கு இருபத்து நான்கு படம். ஸ்டூடியோவில் ஒரு மலாய்க்காரர், குழுத் தலைவர், பார்த்துக் குறிப்பு எழுதுவார். திருத்தி அனுப்ப வேண்டும். அவருக்குத் திருப்தி வரும்வரை, அல்லது நமக்குச் சலிப்பு வரும்வரை.

அம்மாவைக் கேட்டேன். "என் நடையப் போய் படம் புடிப்பியா? வேற வேல இல்ல?" என்று விரட்டிவிட்டார். அப்பா உடனே ஒத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தலையைப் படிய வாரிக்கொண்டு, வேலைக்குப் போகும் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். அந்தச் சட்டைக்குப் பொத்தான் போட அவருக்கு வெகுநேரம் ஆனது. நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று எரிச்சல்பட்டேன்.

"எப்படிம்மா நடக்கணும்?"

"சும்மா நடங்கப்பா. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போவீங்கல்ல, அந்த மாதிரி."

"வயித்த உள்ள இழுத்துக்கவா?"

"ஐயோ அப்பா, நடங்க லா!" எங்கள் ஊர்ப் பேச்சில் எதற்கும் கடைசியில் ஒரு 'லா' வரும்.

வீட்டு முன்னால் இருந்த சந்தில் ஆறு முறை போய்வந்தார். இடது கால் செருப்பு தார் ரோட்டில் சரக் சரக்கென்று உரசியது. சத்தம் பதிவாகிவிடுகிறதே என்று யோசித்தேன், படத்துக்குச் சத்தம் தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

முதல் தடவை வரைந்தபோது நான் எதையும் யோசிக்கவில்லை. வீடியோவை ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்து, பார்த்ததை வரைந்தேன். நான்கு நாளானது. ஓட்டிப் பார்த்தால் அப்பா! கழுத்து, தோள், அந்த அவசரம், எல்லாம் அவரேதான். எனக்கே நம்ப முடியவில்லை. வேலையிலிருந்து வந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்ற அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "குளிச்சிட்டு வரேன்மா," என்று போய்விட்டார். சரி, பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அனுப்பிவிட்டேன்.

மறுநாள் குறிப்பு வந்தது. இரண்டே வரி. இடது கை செத்துப்போயிருக்கிறது, ஆடவே இல்லை. அதன் கீழே ஒரு கேள்வி: அவர் நிஜமாகவே இப்படித்தான் நடக்கிறாரா?

அவர் கேட்டார். அதை நான் மறைக்கவே முடியாது. அந்த மனிதர் ஒழுங்காகத்தான் கேட்டார். வீடியோ என் ஃபோனில்தான் இருந்தது, திறந்து பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. நான் திறக்கவில்லை. 'இல்லை, என் தப்பு, திருத்தி அனுப்புகிறேன், மன்னிக்கவும்' என்று பதில் எழுதினேன். ஃபோன் கடையில் ஒரு வாடிக்கையாளரின் ஃபோன் திரைக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டே எழுதினேன்.

அன்றைக்கே பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். வலது கால் முன்னால் போனால் இடது கை முன்னால் வர வேண்டும், இரண்டு கையும் ஒரே அளவு ஆட வேண்டும். முதல் வருடப் பாடம், இதுகூடத் தெரியாமல் டிப்ளோமாவா என்று என் மண்டையில் நானே அடித்துக்கொண்டேன். கையை ஆட்டினேன். கை ஆடியதும் தோள் ஒத்துவரவில்லை, தோளைத் திருத்தினேன். அடுத்த குறிப்பில் இடது கால் தாமதமாக எழுகிறது என்றார், காலைச் சீக்கிரம் எழுப்பினேன். அடுத்து அடி குட்டையாக இருக்கிறது என்றார், நீட்டினேன். முகம் மரத்துப்போனாற்போல இருக்கிறது என்றார். புருவத்தைத் தூக்கி, வாயோரத்தில் ஒரு சிரிப்பு வைத்தேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் படத்திலிருந்த மனிதர் இரண்டு வயது குறைந்துகொண்டே வந்தார். நான் திறமைசாலி ஆகிக்கொண்டிருக்கிறேன் என்று சந்தோஷப்பட்டேன்.

வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாதங்களில் ஒரு சாயங்காலம் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து, வீடெல்லாம் புகை நாற்றம். அம்மா குளியலறையிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தார். அப்பா அடுப்புக்கு நான்கடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "மூக்கு என்ன அடச்சிருக்கா? ஒரு வாசம் தெரியல?" என்று அம்மா திட்டினார். அப்பா சுற்றும்முற்றும் பார்த்தார். என்ன வாசம் என்று நிஜமாகவே கேட்டார். அம்மா திட்டுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். நான் கதவோரம் நின்று, தோள் அசையாமல் கழுத்து மட்டும் திரும்புவது எப்படி இருக்கிறது பார் என்று அதைக் குறித்து வைத்துக்கொண்டேன். குறித்து வைத்துக்கொண்டேன்! இப்படியும் ஒரு பெண் இருப்பாளா?

பதினோராம் திருத்தத்துக்கு ஒரே சொல்லில் பதில் வந்தது: 'பாகுஸ்'. நன்று என்று அர்த்தம். கை உயிரோடு இருக்கிறது, அடுத்த மாதம் வேலைக்கு வாருங்கள் என்று கீழே எழுதியிருந்தார்.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து திரை முன்னால் உட்காரவைத்தேன். இரண்டு கையும் வீசி, அடி எட்டி வைத்து, சிரித்துக்கொண்டு நடந்தார் அந்த மனிதர். முடிந்ததும் மறுபடியும் போடச் சொன்னார் அப்பா. மூன்று முறை பார்த்தார். "இப்பதாம்மா சரியா இருக்கு," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் வழக்கம்போல இருட்டோடு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். அப்பா ஒருநாள் முழங்கை தோல் உரிந்து, கால்சட்டை கிழிந்து வந்தார். பாலத்துக்கு முன்னால் தடம் மாறும்போது சிக்னல் போடவில்லையாம், பின்னால் வந்த லோரி ஹாரன் அடித்ததில் ஓரத்துக்குப் போய்ச் சாய்ந்துவிட்டாராம்.

"முப்பது வருஷமா ஓட்டுறீங்க, சிக்னல் போட மறப்பீங்களா?" என்று அம்மா அழுதுகொண்டே மஞ்சள் மருந்து தடவினார்.

"மறக்கல லா. கட்டை விரலு போகல. குளிருல மரத்துப்போச்சு."

மோட்டாரில் சிக்னல் பொத்தான் இடது கைப்பிடியில் இருக்கிறது. ஜொகூரில் என்ன குளிர்? அன்றைக்கு எனக்கு அது இடித்தது. ஆனாலும் வயதாகிறது, ஐம்பத்தாறு ஆகிறதல்லவா என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கையைப் பார்க்கிறேன், நீட்டுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஸ்டூடியோவில் குழுத் தலைவர் என் மேசைக்கு வந்தார். எல்லோருடைய சோதனைப் படத்தையும் மூல வீடியோவோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சேமிக்க வேண்டும், உன்னுடையதையும் போடு என்றார். மதியம் சாப்பிட்டு வந்து போட்டேன். இடது பக்கம் வீடியோ, வலது பக்கம் என் படம். ஓடவிட்டேன்.

வலது பக்கத்து மனிதர் கைவீசி நடந்தார். இடது பக்கத்தில் அப்பா நடந்தார். அவர் வலது கை ஆடியது. இடது கை முழங்கையில் கொஞ்சம் மடங்கி, வயிற்றோடு ஒட்டி, அப்படியே இருந்தது. இருபத்து நான்கு படத்தையும் ஒவ்வொன்றாக நகர்த்தினேன். அந்தக் கை ஒரு படத்தில்கூட அசையவில்லை. இடது கால் தாமதமாகத்தான் எழுந்தது. அடி குட்டைதான். முகத்தில் ஒன்றுமே இல்லை. நான்கு நாள் உட்கார்ந்து முதலில் வரைந்தேனே, அதில் ஒரு கோடுகூடத் தப்பில்லை.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்று ஆறு மணிக்கு வீட்டு வாசலில் நின்றேன். அப்பா வர ஏழேகால் ஆனது. அந்த ஒண்ணேகால் மணி நேரமும் அந்தப் பாலத்தில் எத்தனை லோரி போகும் என்பதைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை. ஹெல்மெட்டோடு இறங்கியவரிடம், "அப்பா, அந்த மரம் வரைக்கும் நடந்துட்டு வாங்க," என்றேன். ஹெல்மெட்டைக் கழற்றி மோட்டாரில் மாட்டினார். நடந்தார். இந்த முறை கைவிரல்களும் மெல்ல உருண்டுகொண்டிருந்தன, பீடி சுருட்டுவதுபோல. மோட்டார் சாவியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

ஜொகூர் பாரு மருத்துவமனையில் எங்களைப் பார்த்த டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். அப்பாவை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். எழுத்து போகப்போகச் சிறுத்துக்கொண்டே போனது. பார்க்கின்சன் நோய், கை ஆடாமல் நிற்பதும் வாசம் தெரியாமல் போவதும்கூட அதன் அறிகுறிதான் என்றார். மருந்து இருக்கிறது, கட்டுக்குள் வைக்கலாம், முழுதாகக் குணமாகாது என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். மோட்டாரை இனிமேல் தொடவே கூடாது.

"எப்போலருந்து இப்படி இருக்கு?"

"இப்பதாங்க டாக்டர்," என்றார் அம்மா. "போன மாசம் விழுந்தாங்க, அதுலருந்துதான்."

நான் ஃபோனை எடுத்து அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவைக் காட்டினேன். டாக்டர் ஒரு தடவை பார்த்தார், தேதியைப் பார்த்தார். "ஏழு மாசமாவா?" என்றார். "தினமும் மோட்டார்லயா போய்ட்டு வந்தாங்க?" அம்மா என் பக்கம் திரும்பினார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா மருந்து வாங்கும் வரிசையில் நின்றார். நானும் அப்பாவும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்திருந்த காருக்கு வந்து உட்கார்ந்தோம். அவர் இடது கையை வலது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். நான் அழுதேன். என்னால்தான் என்று ஆரம்பித்தேன்.

"அழாதம்மா. எனக்கு மொதல்லயே தெரியும்," என்றார்.

"என்னப்பா தெரியும்?"

"நீ மொதமொதல்ல வரஞ்சு காட்டுனல்ல, அப்பவே. கை அப்படியே மடங்கி நிக்குது. எனக்குப் பயமாயிருச்சு. டாக்டர்கிட்ட போய்டணும்னு நெனச்சேன். லீவுகூடக் கேட்டிருந்தேன், தள்ளித் தள்ளிப்போயி கடைசியாத்தான் குடுத்தாங்க."

"அப்புறம் ஏம்பா போகல?"

அப்பா என்னைப் பார்த்தார். என்மேல் ஒரு வருத்தமும் அந்த முகத்தில் இல்லை. "நீதான் திருத்திட்டியேம்மா. ஒருதரமா, ரெண்டுதரமா? எத்தனதரம் உக்காந்து பாத்த. எம்பொண்ணு அத்தனதரம் பாத்து கை ஆடுதுன்னு வரஞ்சா, அப்ப ஆடத்தான் செய்யுது, நமக்குத்தான் வீண் பயம்னு லீவ கேன்சல் பண்ணிட்டேன்."

அந்தப் பதினொரு தடவையும் நான் புத்தகத்தைத்தான் பார்த்தேன், உங்களைப் பார்க்கவே இல்லை அப்பா என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.