அழுதாலும் எழுப்புங்க

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் ஐ.சி.யூ. தாதிகளுக்குப் பயிற்சி கொடுக்க வந்த அந்த அக்கா ஒல்லி. குரல் மட்டும் அதட்டல். சுவாசக் குழாயோடு கிடப்பவரையும் சீக்கிரமே எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்கச் சொல்வார். அதற்குமுன் ஒவ்வொரு குழாயையும் விரலால் தடவிப் பார்ப்பார்.

"அழுவாங்க லா. பாவம் பார்த்தா படுத்த படுக்கைதான்."

நம்பினேன். எத்தனை பேரை அழ அழ எழுப்பியிருப்பேன்!

பிறகு அவருடைய கணவரே எங்களிடம் நோயாளியாக வந்தார். டாக்டர் சரியென்றதும் எழுப்பப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"வேணாம் லா, அவருக்கு வலிக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மத்தவங்களுக்கு வலிக்கலையா அக்கா?"

அக்கா கணவரின் குழாய்களைத் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில், சற்றுமுன் நான் அழ அழ உட்கார வைத்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.