முந்திரி உடைத்த கை

மருமகள் வாணலியில் வெல்லப்பாகும் மிளகாய்த்தூளும் சேர்த்து முந்திரியைப் புரட்டினாள். அந்த நெடி ஏறியதும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில், ஜெயங்கொண்டத்தில் எங்கள் வீட்டுக்கு அக்காவைப் பெண் பார்க்க வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து வந்தார்கள். அவர்களுக்காக இதே பலகாரம்தான் செய்தோம். முதல் நாள் கொட்டைகளைச் சுட்டு உடைக்கும் வேலையை அம்மா எனக்குத்தான் கொடுத்தாள். ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும் என்று அழுதேன்.

"எந்திரிச்சுப் போடி, பயந்தாங்கொள்ளி" என்று சிரித்துக்கொண்டே அக்கா உட்கார்ந்து உடைத்தாள். விடிந்தபோது அவள் விரல்களில் கறுப்புத் திட்டுகள் இருந்தன.

வந்தவர்கள் தட்டைக் காலி செய்தார்கள். அதன் பிறகுதான் மாப்பிள்ளையின் அம்மா அக்காவின் கையைக் கவனித்தார்.

"என்னம்மா இது, பெரிய வியாதி ஏதாச்சுமா?"

"ஐயோ, முந்திரி உடைச்சதுங்க. இங்க பொண்ணுங்க கையெல்லாம் இப்படித்தாங்க இருக்கும்" என்றாள் அம்மா.

"அப்ப இந்தச் சின்னவ கை மட்டும் பளபளன்னு இருக்கே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். என் பங்கையும் அவள்தான் உடைத்தாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அக்காவுக்குக் குஷ்டம் என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. அக்காவின் கை ஒரே மாதத்தில் ஆறிவிட்டது. அவளைப் பெண் பார்க்க வேறு யாரும் வரவில்லை.