தம்பிக்குக் காய்ச்சல், எனக்கு மொட்டை

தம்பிக்குக் காய்ச்சல் வந்ததற்கு என் தலையை ஏன் மொட்டை அடித்தார்கள் என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. கேட்டால் சிரிக்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடுகிற இடத்தில் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊர். தம்பிக்கு இரண்டு வயது. அவன் பிறந்த நாளிலிருந்து வீட்டில் எனக்கு ஒரே பாட்டுதான், "நீ பெரியவ, விட்டுக்குடுடி." அவன் தொட்டிலுக்காக என் ஊஞ்சல் கயிறு போயிற்று. அம்மா பக்கத்தில் படுக்கிற இடம் போயிற்று. அவித்த முட்டையின் மஞ்சள் கரு கூடப் போயிற்று. விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, எனக்கென்று மிஞ்சியது முடி ஒன்றுதான்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல முடி. இடுப்பைத் தாண்டித் தொங்கும். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா எண்ணெய் காய்ச்சித் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, சாம்பிராணி காட்டுவாள். நடவு நாளாக இருந்தாலும் எனக்குத் தலை பின்னிவிட்டுத்தான் வயலில் இறங்குவாள். பின்னி முடித்ததும் சடையை உள்ளங்கையில் ஏந்தி, எடை பார்ப்பதுபோல ஒருமுறை தூக்கிப் பார்ப்பாள். அந்தச் சடைக்காகவே பள்ளி ஆண்டு விழாக் கும்மியில் என்னை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார் டீச்சர். குஞ்சலம்கூட வாங்கி வைத்தாயிற்று.

அந்தத் தை மாதம் தம்பிக்குக் காய்ச்சலோடு இழுப்பும் வந்துவிட்டது. என்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டு அவனைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கொஞ்ச நாளில் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தான் மகராசன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குலசாமி கோயிலில் பொங்கல் என்றார்கள். புதுப் பாவாடை கட்டிக்கொண்டு நானும் குட்டியானை வண்டியில் ஏறினேன். வேறு ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை.

கோயில் மரத்தடியில் மொட்டை அடிக்கிறவர் கத்தியோடு உட்கார்ந்திருந்தார். எதிரே மாமா, அம்மாவின் தம்பி, மடியில் என் தம்பியை வைத்திருந்தார். அவனுக்கு மொட்டை என்று நினைத்து, வேடிக்கை பார்க்க முன்னால் போய் நின்றேன். சந்தோஷமாகவே நின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மாமா அவனைத் தூக்கி அத்தையிடம் கொடுத்தார். "நீ வாடி தங்கம்" என்றார்.

ஓடினேன். பின்னால் அறுப்பு முடிந்த வயல். தாள் உள்ளங்காலைக் குத்தக் குத்த ஓடினேன். அப்பா வரப்பில் குறுக்கே வந்து பிடித்துவிட்டார்.

"அவனுக்குத்தானே காய்ச்சல்? அவனுக்கு அடிங்க" என்று கத்தினேன்.

"அவன் முடிய முன்னயே குடுத்தாச்சும்மா. இது உன் அம்மா வேண்டிக்கிட்டது. சாமிகிட்ட சொன்ன சொல்ல மாத்தப்படாது."

"முடிதானே, நாலு மாசத்துல வளந்துரும்" என்றாள் அத்தை. முடிதானேயாம். நரைக்கு மை போடாமல் வாசற்படி தாண்டமாட்டாள் இந்த அத்தை.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் பொங்கல் பானைப் பக்கம் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. மாமா இரண்டு கையாலும் என்னை இறுக்கிக்கொண்டார். அம்மா கடைசிவரை என் பக்கம் திரும்பவே இல்லை.

முன்வரிசையில் மொட்டையை எப்படி நிறுத்துவது? டீச்சர் என்னை விவசாயி ஆக்கிவிட்டார். தலைப்பாகையும் மண்வெட்டியுமாக மேடை ஓரத்தில் நிற்கிற வேலை. விழாவன்று அம்மா துண்டைக் கட்டிவிட வந்தாள். "நீ ஒண்ணும் கட்ட வேணாம், போ" என்று பிடுங்கி நானே சுற்றிக்கொண்டேன். நடுப்பாட்டில் அது அவிழ்ந்து விழுந்தது. ஊரே சிரித்தது. கூட்டத்திலிருந்து அம்மா எழுந்து போவது தெரிந்தது. என்னால் அவளுக்கு வெட்கமாகிவிட்டது என்று நினைத்தேன். வேண்டும் நல்லா, என்றும் நினைத்தேன்.

அப்புறம் வீட்டுக்கு வந்த பூவையெல்லாம் அம்மா சாமி படத்துக்கே போட்டாள். கட்டுக்கழுத்தி பூ வைக்காமல் இருக்கலாமா என்று அத்தை கேட்டபோது, வாசனைக்குத் தலைவலி வருகிறது என்றாள். என் முடி ரிப்பன் கட்டுகிற அளவுக்கு வளரும்வரை அவளுக்கு அந்தத் தலைவலி இருந்தது. ஒரு மாத்திரை போட வேண்டியதுதானே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

இப்போது எனக்கு இரண்டு பெண்கள். போன மழைக்காலத்தில் சின்னவளுக்குக் காய்ச்சல் முற்றி, அதே தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பிறகு தேறிவிட்டாள். அன்று பெஞ்சில் அம்மாவும் நானும், எனக்கு இந்தப் பக்கம் சாய்ந்து தூங்கியபடி பெரியவளும். அவளுக்கு என் முடி. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாச்சும் வேண்டிக்கிட்டேன்னு மட்டும் சொல்லிப் பாரு" என்றேன்.

"நான் ஒண்ணும் வேண்டிக்கலடி."

"அன்னைக்கு உன் முடிய வேண்டிக்கிறதுக்கு என்ன?"

அம்மா தன் கொண்டையை அவிழ்த்துக் காட்டினாள். "இந்த எலிவாலையா? புள்ளையோட உசுரக் கேக்குறப்ப இதையா சாமிக்குக் குடுக்கச் சொல்ற? நம்ம வீட்டுல ஒசத்தியா இருந்தது உன் முடி ஒண்ணுதான்."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவ்வளவு ஒசத்தி என்றால் அது யார் தலையில் இருந்தது? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்பது வேறு விஷயம். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வேகமாக வெளியே வந்து, எங்களைப் பார்க்காமலே டாக்டர் அறைப் பக்கம் ஓடினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சாமீ, என்றேன்.

கண்ணைத் திறந்தபோது பெரியவளின் சடை என் உள்ளங்கையில் இருந்தது. அதைத் தூக்கித் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அதைப் பார்த்தாள். அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.